டைனம்: திரும்பி வருவோம் என்று எழுதிவிட்டுப் போன கிராமம்

யூடியூப்பில் 'பேய்க் கிராமம்' என்று தேடினால் வருகிற வீடியோக்களில் ஒன்றில் இருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்கியது. கூரை இல்லாத கல் வீடுகள், யன்னல் இருந்த இடத்தில் ஓட்டை, அதுக்குள்ளால தெரியிற புல், பின்னால பயங்கரமான மியூசிக். பேய் வரும் எண்டு கடைசி வரைக்கும் பாத்தம். வரேல்ல. அதுக்குப் பதிலாக ஒரு தேவாலயக் கதவும், அந்தக் கதவில் ஒரு காலத்தில் ஒட்டப்பட்டிருந்த கடிதத்தைப் பற்றி இரண்டு வசனங்களும் வந்தன. அந்த இரண்டு வசனமும் எங்களை விடவில்லை. பிறகு தேடித் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஊரின் பெயரை எழுதுவது 'டைன்ஹம்' என்று, சொல்வது 'டைனம்' என்று. இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் என்ற மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பகுதிக்குப் பெயர் பேர்பெக் தீவு. பெயர்தான் தீவு, உண்மையில் அது ஒரு குடாநாடு மாதிரி. ஒரு பக்கம் ஆறு, மற்றப் பக்கங்களில் கடல். நிலத்தால் முழுக்கத் துண்டிக்கப்படவில்லை என்றாலும் ஒரு ஒதுக்குப்புறம். டைனம் அந்த ஒதுக்குப்புறத்துக்குள் இன்னொரு ஒதுக்குப்புறம்.

ஊரின் நில அமைப்பை விளங்கிக்கொண்டால் மிச்சக் கதை பாதி விளங்கிவிடும். வடக்கே கிழக்கு மேற்காக ஒரு நீண்ட மலைத்தொடர். அது சோக் எனப்படும் வெள்ளைச் சுண்ணப்பாறை. தெற்கே இன்னொரு முகடு, அது கடினமான சுண்ணாம்புக்கல். அந்த முகடு 'காட் கிளிஃப்' என்ற செங்குத்துப் பாறையாகக் கடலுக்குள் விழுகிறது. இரண்டுக்கும் நடுவில் மெதுமையான களிமண் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கின் நடுவால் ஒரு சிற்றோடை மேற்கே ஓடி, வோர்பரோ என்ற விரிகுடாவில் கடலோடு சேர்கிறது. அந்த விரிகுடா உருவானதே ஒரு உடைப்பால்தான். கடல் முதலில் வெளிப்பக்கத்துக் கடினப் பாறையை உடைத்தது. உள்ளே வந்ததும் களிமண்ணை லேசாகத் தின்றது. பிறகு வெள்ளைப் பாறையில் முட்டி நின்றுவிட்டது. இந்தக் கரை முழுவதும் 2001 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. புவியியல் படிக்கிற ஆக்கள் இதற்குப் பக்கத்தில் இருக்கிற லல்வேர்த் குடாவின் படத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள்.

ஆக, இரண்டு பக்கமும் மலை, ஒரு பக்கம் கடல். ஆக்கள் அதிகம் வந்துபோகாத இடம். உள்ளே மாடு வளர்க்க நல்ல புல், கடலில் மீன், வீடு கட்டக் கல். 1086இல் வெற்றியாளர் வில்லியம் இங்கிலாந்தின் காணிகளை எல்லாம் கணக்கெடுத்து எழுதுவித்த டூம்ஸ்டே பதிவேட்டில் இந்த ஊர் 'டிகெஹாம்' என்று வருகிறது. ஆட்டுப்பட்டி என்பது மாதிரியான பொருள். தேவாலயம் 13ஆம் நூற்றாண்டளவில் தொடங்கியது. 16ஆம் நூற்றாண்டில், முதலாம் எலிசபெத் ராணியின் காலத்தில், ஒரு பெரிய வீடு வந்தது. 1683இல் அந்த வீட்டையும் ஊரையும் பொண்ட் என்ற குடும்பம் வாங்கியது.

ஊரை வாங்கியது என்பதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். நாங்கள் முதலில் இதைக் கவனிக்காமல்தான் கடந்துபோனோம். 'ஊர்' என்றால் எங்கள் மனதில் வருவது ஆளுக்கொரு வளவு, வேலி, படலை, உறுதி. டைனம் அப்படி இல்லை. வீடுகள், வயல்கள், தபாலகம் இருந்த கட்டடம் எல்லாம் ஒரு குடும்பத்தின் சொத்து. கமக்காரர்கள் குத்தகைக்காரர், குடிசைகளில் இருந்த கூலியாட்கள் வாடகைக் குடிகள். தேவாலயத்தில்கூடப் பொண்ட் குடும்பத்து மதகுரு ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் தன் செலவில் ஒரு பக்கத்தைக் கட்டிச் சேர்த்தார். இந்தக் குடும்பம் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. பல விபரிப்புகளில் அக்கறையான முதலாளிகளாகத்தான் வருகிறார்கள். ஆனால் அக்கறையான முதலாளியும் முதலாளிதான்.

அந்தக் காலத்து டோர்செட் கூலிக் கமக்காரரின் நிலை என்ன என்று அறிய அதே மாவட்டத்தில் இருக்கிற டொல்படில் என்ற இன்னொரு கிராமத்துக்குப் போகவேண்டும். அங்கே கிழமைக்கூலி 9 சிலிங்கில் இருந்து 7 ஆகி, 6 ஆகக் குறையப்போகிறது என்றபோது சில பேர் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். 1834இல் அதில் 6 பேருக்கு, இரகசியச் சத்தியம் எடுத்த குற்றத்துக்காக, ஏழு வருட நாடுகடத்தல். அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். நாட்டையே உலுக்கிய போராட்டத்துக்குப் பிறகுதான் 1836இல் மன்னிப்புக் கிடைத்தது. 'பழைய ஆங்கிலக் கிராமம்' என்றதும் ரோசாச் செடியும் கல் வீடும் கண்ணில வருது. அந்த வீட்டுக்குள்ள இருந்தவையின்ர சாப்பாட்டு மேசை வாறதில்லை.

இனி டைனம் 20ஆம் நூற்றாண்டுக்கு வருகிறது. வோர்பரோ கரையில் இருந்த கரையோரக் காவல் நிலையம் 1912இல் மூடப்பட்டது. அந்தக் குடும்பங்கள் போனதும் ஊரில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. 1932இல் பள்ளிக்கூடமும் மூடப்பட்டது. காரணம் படிக்கப் பிள்ளைகள் போதாது. மிஞ்சிய பிள்ளைகள் கோர்ஃப் காசில் என்ற பக்கத்து ஊருக்குப் போய்ப் படித்தார்கள். மின்சாரம் கடைசி வரை வரவில்லை. 1929இல் தபாலகத்துக்கு முன்னால் ஒரு வெள்ளை நிறத் தொலைபேசிக் கூண்டு வந்தது. நவீன உலகம் டைனத்துக்குக் கொடுத்த மிகப் பெரிய பரிசு அதுதான் போல.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இராணுவம் வருவதற்கு முன்பே இந்த ஊர் மெலிந்துகொண்டு வந்தது. இணையத்தில் சுற்றுகிற கதைகளில் இது பெரும்பாலும் வருவதில்லை. ஒரு முழுமையான சந்தோசமான கிராமம் ஒரே நாளில் செத்துப்போனது என்றால் கதை நல்லா இருக்கும், அதுதான்.

இராணுவமும் திடீரென்று வானத்தில் இருந்து குதிக்கவில்லை. முதலாம் உலகப்போரின்போது பக்கத்தில் இருந்த பொவிங்டனில் டாங்கிப் படையின் முகாம் அமைந்தது. லல்வேர்த்தில் டாங்கிப் பீரங்கிப் பயிற்சி தொடங்கியது. போர் முடிந்த பிறகும் அது போகவில்லை. இரண்டாம் உலகப்போர் வந்தபோது டாங்கிகளின் பீரங்கி இன்னும் தூரம் சுட்டது, இன்னும் நிலம் தேவைப்பட்டது. பிரான்சில் தரையிறங்கும் பெரிய படையெடுப்புக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. மலைகளுக்கு நடுவில் ஆட்கள் குறைந்த, கடலைப் பார்த்த பள்ளத்தாக்கு. முன்பு ஊரைக் காத்த அதே நில அமைப்புத்தான் இப்ப ஊருக்கு வினையாச்சு.

1943 நவம்பர் 16ஆம் திகதியிட்ட கடிதம் வீடுகளுக்கு வந்தது. படைப் பயிற்சிக்கு இந்தப் பகுதி தேவை, உண்மையான குண்டுகள் சுடப்படும், ஆகவே டிசம்பர் 19க்கு முன் எல்லோரும் வெளியேறவேண்டும், இது சிறிய தியாகம் அல்ல என்று அரசாங்கம் அறியும் என்பதுதான் சாரம். சுமார் 7,500 ஏக்கர், 225 பேர் அளவில். நத்தாருக்கு ஒரு கிழமை இருக்கும்போது மாட்டை வித்து, சட்டி பானை தூக்கி, உறவினர் வீடுகளுக்கும் வாடகை இடங்களுக்கும் போனார்கள். அவர்களுடைய பெடியள் சில பேர் அந்த நேரம் போர்முனையில்.

போகும்போது தேவாலயக் கதவில் ஒரு கடிதம் ஒட்டப்பட்டது. அதுதான் நாங்கள் வீடியோவில் பார்த்தது. தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பாவியுங்கள், எங்களில் பலரின் குடும்பங்கள் தலைமுறைகளாக இருந்த வீடுகளைப் போரை வெல்வதற்காக விட்டுப்போகிறோம், ஒரு நாள் திரும்பி வருவோம், ஊரை அன்பாக நடத்தியதற்கு அப்போது நன்றி சொல்வோம் என்ற கருத்துப்பட எழுதப்பட்டிருந்தது. கோபம் இல்லை, சாபம் இல்லை. வீட்டைப் பறித்தவனிடம் முன்கூட்டியே நன்றி சொல்கிற கடிதம்.

வடக்கில் பிறந்து வளர்ந்த ஆக்களுக்கு இந்த இடத்தில் வேற ஊர்கள் ஞாபகம் வரும். எங்களுக்கும் வந்தது, ஒரு நாள் முழுக்கக் கதைத்தோம். ஆனால் இந்தக் கட்டுரையில் டைனத்தை டைனமாகவே பார்க்கிறோம். அவசரப்பட்டு ஒப்பிட்டால் இரண்டு இடத்தின் கதையும் கெட்டுப்போகும்.

போர் 1945இல் முடிந்தது. ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்தது சோவியத் ஒன்றியத்துடனான பனிப்போர். அதற்கும் டாங்கி வேண்டும், டாங்கிக்குச் சுடுகளம் வேண்டும். பகிரங்க விசாரணை ஒன்று வைத்தார்கள், ஆட்சேபனைகளைக் கேட்டார்கள். 1948இல் கட்டாயக் காணி சுவீகரிப்பு ஆணை வந்தது. அதுவும் ஏழைகளின் கட்சி என்று வாக்குக் கேட்டு வென்ற தொழிற்கட்சியின் ஆட்சியில்.

இப்போது மேலே நின்று வாசிக்கச் சொன்ன விசயத்துக்கு வருகிறோம். காணி சுவீகரிக்கப்பட்டால் நட்டஈடு யாருக்கு? காணிச் சொந்தக்காரருக்கு. டைனத்தில் சொந்தக்காரர் பொண்ட் குடும்பம். குடிசைகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்குக் கிடைத்தது அவர்களுடைய தோட்டத்தில் நின்ற மரக்கறிகளின் பெறுமதிதான். தலைமுறை தலைமுறையாக இருந்தது சட்டத்தின் கண்ணில் பெறுமதியே இல்லாத ஒன்று. கோவாவுக்கு விலை இருந்தது.

இன்னொரு விசயம். அந்தக் கதவுக் கடிதத்தை எழுதியவர் பெரிய வீட்டு அம்மா, பொண்ட் குடும்பத்துப் பெண் என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. கடிதத்தில் 'நாங்கள்' என்று இருக்கிறது. அந்த 'நாங்கள்' யார்? முதலில் வாசித்தபோது முழு ஊரும் ஒரே குரலில் கதைக்கிற மாதிரி இருந்தது, அதுதான் தொண்டையை அடைத்தது. இரண்டாம் தரம் வாசிக்கும்போது வேறு மாதிரி இருந்தது. ஊரில் எல்லோருக்குமாக எழுதும் உரிமை யாரிடம் இருந்ததோ அவர்தான் எழுதியிருக்கிறார். மீன்பிடிக் குடும்பம் ஒன்று எழுதியிருந்தால் அந்தக் கடிதம் இவ்வளவு மரியாதையாக இருந்திருக்குமா? எங்களுக்குள் இதில் ஒத்த கருத்து இல்லை. ஒரு பெரிய இழப்பில் வர்க்கக் கணக்குப் பார்க்கக் கூடாது என்று எங்களில் ஒராள் கோவிச்சார். நியாயம்தான். பெரிய வீட்டுக்காரருக்கும் வீடு போனதுதான். அந்த எலிசபெத் காலத்து மாளிகையின் பெரும்பகுதியை 1960களின் கடைசியில் இடித்தே விட்டார்கள்.

ஆனால் நினைவு என்று வரும்போதும் அதே குரல்தான் முன்னுக்கு வருகிறது. டைனத்தைப் பற்றி முதலில் பரவலாக வாசிக்கப்பட்ட புத்தகத்தை 1956இல் எழுதியவர் லிலியன் பொண்ட், அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அவர் எழுதியதால்தான் ஊரின் பேச்சு வழக்கு, பழக்க வழக்கம் எல்லாம் இன்று மிஞ்சியிருக்கிறது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேணும். பெற்றிக் ரைட் என்ற எழுத்தாளர் 1995இல் எழுதிய பெரிய புத்தகம் இதைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தது. ஒரு சாதாரணக் கிராமம் எப்படி 'இழந்துபோன இங்கிலாந்து' என்பதன் அடையாளமாகச் செய்யப்பட்டது என்பதுதான் அவருடைய கேள்வி. டைனத்தை நினைத்து அழுதவர்களில் பலர் அழுதது டைனத்துக்காக அல்ல, முதலாளியும் குடியும் சண்டையில்லாமல் வாழ்ந்ததாகத் தாங்கள் கற்பனை செய்த ஒரு நாட்டுக்காக என்பதுதான் நாங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் ஏன் டைனம் மட்டும் இவ்வளவு பிரபலம் என்று கேட்கத் தோன்றும். அதே 1943 டிசம்பரில் வில்ட்சயர் மாவட்டத்து இம்பர் என்ற கிராமமும் காலி செய்யப்பட்டது. அதுவும் இன்றுவரை திருப்பிக் கொடுக்கப்படவில்லை. அதே மாதம் டெவன் மாவட்டத்தின் தெற்குக் கரையில் சுமார் 3,000 பேர் அமெரிக்கப் படைகளின் தரையிறக்கப் பயிற்சிக்காக வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் 1944இல் திரும்பிப் போய்க் குடியேறத் தொடங்கிவிட்டார்கள். ஆக, திருப்பிக் கொடுப்பது முடியாத காரியம் இல்லை. எங்களை அதிகம் உறுத்தியது வேல்சின் எப்பிண்ட் மலைப்பகுதி. 1940இல் அங்கே 54 வீடுகளில் இருந்த 219 பேரை எழுப்பிவிட்டு இராணுவம் அந்த இடத்தை எடுத்தது. அவர்கள் வேல்ஸ் மொழி பேசிய சமூகம். அந்தச் சமூகம் சிதறியதும் அந்தப் பகுதியில் மொழியே பின்வாங்கியது. இன்றும் அது பயிற்சிக் களம்தான். வேல்சுக்கு வெளியே எப்பிண்ட் என்ற பெயரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

1968இல் ரொட்னி லெக் என்ற இளைஞர், அந்த நேரம் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர், இன்னும் சிலரோடு சேர்ந்து டைனம் செயற்குழு ஒன்றை அமைத்து ஊரைத் திருப்பிக் கேட்டார். எங்கட வயசுதான். தொடர்ந்து கத்தியதில் விசயம் தேசிய அளவுக்குப் போனது. பாதுகாப்புக் காணிகளை ஆராய நியூஜென்ட் பிரபுவின் தலைமையில் வைத்த குழு 1973இல் தன் அறிக்கையை வெளியிட்டது. லல்வேர்த் சுடுகளத்தை விட்டுவிடலாம், பீரங்கிப் பள்ளியை வேல்சின் காசில்மார்ட்டினுக்கு மாற்றலாம் என்று அது சிபாரிசு செய்தது. கவனியுங்கள், டோர்செட்டின் சுமையை வேல்சுக்கு ஏற்றுவதுதான் தீர்வு. காசில்மார்ட்டினும் ஏற்கனவே இராணுவம் எடுத்த காணிதான். அரசாங்கம் சிபாரிசை ஏற்கவில்லை. பதிலாக, சுடாத நாட்களில் சனம் வந்து பார்க்க வழி விட்டது. 1975 முதல் அப்படி.

இராணுவத்தின் பக்கத்திலும் ஒரு வாதம் இருக்கிறது, அதை மறைத்தால் நேர்மை இல்லை. எண்பது வருடமாக அந்தப் பள்ளத்தாக்கில் உரம் போடவில்லை, நாசினி அடிக்கவில்லை, ஹோட்டல் கட்டவில்லை. அதனால் தென் இங்கிலாந்தில் வேறு இடங்களில் அழிந்த புல்லினங்களும் பூச்சிகளும் அங்கே மிஞ்சியிருக்கின்றன. ஊர் திரும்பக் கிடைத்திருந்தால் இன்று அது லண்டன்காரரின் விடுமுறை வீடுகளால் நிரம்பியிருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். வெளியேறியவர்களில் சிலர் வெயாரம் நகரத்துக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்த வீடுகளில் முதல்முறையாகக் குழாய்த் தண்ணியும் கரண்டும் கண்டார்கள், திரும்பிப் போக எல்லோரும் துடித்தார்கள் என்பதும் இல்லை. ஆனால் திரும்பிப் போகாமல் விடுவது ஒருவர் தானாக எடுக்கிற முடிவாக இருந்தால் அது வேறு. பூச்சிகளுக்கு நல்லது நடந்தது என்பதால் கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது என்று ஆகாது.

பேயைத் தேடிப் போனோம் என்றோம் அல்லவா. அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பேய்க் கதை உண்மையாகவே இருக்கிறது. வடக்கு மலையில் ஃபிளவர்ஸ் பரோ என்ற இரும்புக்கால மண்கோட்டை இருக்கிறது. பாதி கடலுக்குள் சரிந்துவிட்டது. 1678இல் ஒரு மாலை அந்த மலையில் இருந்து ஆயிரக்கணக்கான போர்வீரர் இறங்கி வருவதைப் பார்த்ததாக உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரும் வேறு பலரும் சத்தியம் செய்தார்கள். வெயாரமில் பாலத்தை மறித்து, உள்ளூர்ப் படையைக் கூட்டிக் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. ஆவிப் படை என்று முடிவாயிற்று. உண்மையான படை வர இன்னும் 265 வருடம் இருந்தது.

1985இல் டொல்படில் கூலியாட்களின் கதையைப் படமாக்க பில் டக்ளஸ் என்ற இயக்குநர் தெரிவுசெய்த இடங்களில் டைனமும் ஒன்று. வேலை நடக்கும்போது அந்த 1929ஆம் ஆண்டுத் தொலைபேசிக் கூண்டு உடைந்துபோனது. அதே மாதிரி வேறொன்றைத் தேடி வைத்தார்கள். இன்று போகிறவர்கள் படம் எடுக்கிற கூண்டு அதுதான்.

தேவாலயமும் பள்ளிக்கூடமும் திருத்தப்பட்டுக் காட்சிக்கு இருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்குள் வாங்குகள், பிள்ளைகளின் பெயர்கள், இயற்கைப் பாடக் கொப்பிகள். மற்ற வீடுகளுக்குக் கூரை இல்லை. பாதை ஓரமாக மஞ்சள் கம்பங்கள் நட்டிருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது, வெடிக்காத குண்டுகள் இருக்கும். கிழமை நாட்களில் சுடும்போது சிவப்புக் கொடி ஏறும், கேற் பூட்டியிருக்கும். பெரும்பாலான சனி ஞாயிறுகளில் திறப்பார்கள். பின்னேரம் பூட்ட முதல் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும்.